தூக்காமல் எழுப்புவது: பக்கவாதம் வந்தவர் நாற்காலியிலிருந்து எழக் கைகொடுக்கும் முறை

பக்கவாதத்தால் வலப்பக்கம் தளர்ந்துபோன அப்பாவை நாற்காலியிலிருந்து எழுப்ப நான் மூன்று வாரங்கள் தவறான முறையில் பாடுபட்டேன். என் முதுகு வலித்ததே தவிர, அவர் ஒருமுறைகூடத் தம் முயற்சியால் எழவில்லை. பிறகு இயன்முறை மருத்துவர் என் இரண்டு கைகளையும் பிடித்து வேறிடத்தில் வைத்துக் காட்டிய பத்து நிமிடங்களில் என் தவறு விளங்கிவிட்டது.

நோயாளி எழுந்து நிற்கலாம் என்று மருத்துவர் அனுமதித்துவிட்டார் என்றும், சிகிச்சையாளர் உங்கள் கண்முன் ஒருமுறையாவது செய்து காட்டியிருக்கிறார் என்றும் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் தேறலாம் என்ற அவசரம் பலருக்கு உண்டு. ஆனால் 2015இல் வெளியான அவெர்ட் என்னும் பெரிய ஆய்வில், பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி எழுப்பப்பட்டவர்களுள் மூன்று மாத முடிவில் நல்ல நிலையை எட்டியவர்களின் விகிதம், வழக்கமான பராமரிப்பைப் பெற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. எனவே தொடங்கும் நாளை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

முதலில் இருக்கை. கைப்பிடியுள்ள, சக்கரமில்லாத, நகராத நாற்காலி வேண்டும். அதன் உயரம் அவருடைய முழங்கால் உயரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் எழுவது எளிது. உட்கார்ந்தால் அமிழ்ந்துபோகும் சோபாவை ஒதுக்கிவிடுங்கள். அடுத்து, நோயாளியின் இடுப்பில் கட்டி, உதவுபவர் பிடித்துக்கொள்ளும் நடைப்பயிற்சிப் பட்டை. வேட்டியையோ கால்சட்டையையோ பற்றித் தூக்குவதைவிட இது எவ்வளவோ மேல். வேறெந்தக் கருவியும் வாங்காவிட்டாலும் இதை வாங்கிவிடுங்கள் என்பேன். வயிற்றில் அண்மையில் அறுவை செய்திருந்தாலோ குழாய் பொருத்தியிருந்தாலோ மட்டும் பட்டை கட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

படுக்கையிலிருந்து வந்தவர் என்றால் ஓரிரு நிமிடங்கள் உட்கார விட்டு, தலைசுற்றல் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதன்பின் அவரை இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்த்தி, இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிந்து, முழங்காலைவிடச் சற்றே பின்னால் இருக்கும்படி வையுங்கள். தளர்ந்த பாதம் தானாக முன்னே வழுக்கிப் போகும்; ஒவ்வொரு முறையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

இனி நான் தடுக்கி விழுந்த படி. எழுவது என்றால் மேலே போவது என்றே நான் நினைத்திருந்தேன். ஆகவே அப்பாவின் அக்குளில் கைகொடுத்து மேல்நோக்கி இழுத்தேன். உட்கார்ந்திருப்பவரின் எடை பாதங்களுக்குப் பின்னால், இருக்கையின்மேல் இருக்கிறது. அந்த எடை முன்னே வந்து பாதங்களின்மேல் அமர்ந்த பிறகுதான் கால்களால் உடலை உயர்த்த முடியும். அதற்குமுன் மேலே இழுத்தால், விழப்போகிறோம் என்ற அச்சத்தில் அவர் பின்னுக்குச் சாய்வார். நாம் இன்னும் பலமாக இழுப்போம். இதில் இன்னொரு கேடும் உண்டு. தோள்மூட்டின் குழி ஆழமற்றது. பெரும்பாலும் சுற்றியுள்ள தசைகளே மேற்கை எலும்பை அதில் நிறுத்துகின்றன. அந்தத் தசைகள் தளர்ந்திருக்கும்போது கையையோ அக்குளையோ பிடித்து இழுத்தால் மூட்டு இறங்கி, பல மாதங்கள் நீடிக்கும் வலி வரலாம்.

சரியான முறை இதுதான். தளர்ந்த பக்கத்தில், அவருக்குச் சற்று முன்னால் முழங்காலை மடக்கி நில்லுங்கள். ஒரு கை இடுப்புக்குப் பின்னால் பட்டையில் இருக்கட்டும்; மறு கையைத் தளர்ந்த காலின் முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் வையுங்கள். "மூக்கு கால்விரலுக்கு நேரே வரட்டும், அப்பா" என்று சொல்லி, அவர் குனிந்து வரும்போது பட்டையை முன்னோக்கி நகர்த்துங்கள். தொடையிலுள்ள கை முழங்காலை முன்னும் கீழுமாக, பாதத்தை நோக்கி மெல்ல அழுத்த வேண்டும். அந்த அழுத்தம்தான் எடை எங்கே இறங்க வேண்டும் என்பதை அவருக்கு உணர்த்துகிறது. இருக்கையிலிருந்து இடுப்பு விடுபட்ட பிறகே "இப்போது எழுங்கள்" என்று சொல்லுங்கள்.

பலர் கழுத்தை மட்டும் குனிந்து முதுகை வளைப்பார்கள். மடிய வேண்டியது இடுப்பு. அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. முன்னால் ஒரு மேசையைப் போட்டு, அதன்மேல் விரித்த துண்டில் இரண்டு கைகளையும் வைத்து, துண்டை முன்னே தள்ளச் சொன்னேன். எழாமல், தள்ளித் திரும்புவதை மட்டும் நாலைந்து நாட்கள் செய்தோம். அதன்பின்தான் எழும் பயிற்சியே தொடங்கியது.

எல்லாவற்றையும் மெதுவாகச் செய்யுங்கள். பக்கவாதத்துக்குப் பின் வரும் தசை இறுக்கம் இழுக்கும் வேகத்தோடு கூடும் தன்மையுடையது என்பதை 1980இல் நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் தம் வரையறையிலேயே குறித்தார். நின்றதும் தளர்ந்த முழங்கால் மடங்கினால் உங்கள் முழங்காலால் முன்னாலிருந்து அணைகொடுங்கள். பின்னோக்கி வளைந்து பூட்டிக்கொள்ளவும் விடாதீர்கள். உட்காருவதும் இதே பாதைதான், தலைகீழாக; தொப்பென்று விழ விடக் கூடாது.

கையால் இயக்கத்தை வழிநடத்தும் இந்தப் போக்கு, லண்டனில் 1940களில் பெர்ட்டா போபாத்தும் கணவர் கரேல் போபாத்தும் உருவாக்கிய முறையோடு பெரிதும் தொடர்புடையது. அந்த முறை மற்றவற்றைவிட மேலானது என்று ஆய்வுகள் காட்டவில்லை. தேவையான செயலையே பலமுறை செய்வதுதான் பலன் தருகிறது. ஆகவே அவர் தேறத் தேற உங்கள் உதவியைக் குறையுங்கள்: தொடையிலுள்ள கையை முதலில் எடுத்துவிடுங்கள். பட்டையில் விரல் மட்டும் இருக்கட்டும். அப்பா நன்றாக எழத் தொடங்கியதும், நல்ல காலை அரையடி முன்னே வைத்து, தளர்ந்த காலைப் பின்னே விட்டோம். நல்ல கால் எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளாமலிருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

பின்னர் சேர்த்தது: தம் தாயார் நல்ல கையாலேயே தளர்ந்த பக்கம் நோக்கித் தம்மைத் தள்ளுவதாகவும், நேராக்க முயன்றால் எதிர்ப்பதாகவும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அது பிடிவாதம் அன்று; நேராக இருப்பது எது என்பதை அவருடைய மூளை தவறாக உணர்கிறது. அவரை எதிர்த்துத் தள்ளாதீர்கள். எதிரே கதவுச் சட்டம் போன்ற நேர்க்கோட்டைக் காட்டி, நல்ல பக்கத்தில் ஒரு பொருளை எட்டித் தொடச் சொல்லுங்கள். ஆனால் அவரைத் தனியாளாக எழுப்ப வேண்டாம், சிகிச்சையாளர் உடனிருக்கட்டும்.

பார்க்கின்சன் நோயுள்ளவருக்கும் இது பொருந்துமா என்று இன்னொருவர் கேட்டார். முன்னே சாய்வது பொருந்தும். இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஆடி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி எழச் செய்தால், எழத் தொடங்க முடியாமல் உடல் உறைந்துபோன நிலை இளகும். எழுந்தவுடன் நடக்கத் தொடங்காமல், இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுகிறதா என்று பார்த்துச் சற்று நின்றுகொள்ளட்டும்.