நாட்டுச் சர்க்கரையும் பூஞ்சைத் தொற்றும்

பிறப்புறுப்பில் அரிப்பு, திரிதிரியான வெள்ளைப்படுதல் இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் கேண்டிடா என்னும் பூஞ்சைதான் காரணம். ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாத பெண்களிடம் அது எளிதில் பெருகும். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை கெடுதல் செய்யாது என்று ஈரோட்டுப் பக்கம் காபியில் தாராளமாகப் போடுகிறோம். அதுவும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்! சோற்றைக் குறைத்து, கொள்ளுப் பருப்பையும் கீரையையும் கூட்டுங்கள்.

ஆன்டிபயாடிக் மாத்திரைகள் பூஞ்சையை அடக்கி வைக்கும் நல்ல பாக்டீரியாவையும் அழிப்பதால், அவற்றைச் சாப்பிடும் நாட்களில் தயிர், மோர் நல்லது. ஆனால், அவற்றைச் சாப்பிட்டால் பூஞ்சைத் தொற்றே வராது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. தயிரை அங்கே தடவுவது வேண்டவே வேண்டாம். ஆண்டுக்கு 3 முறைக்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். ரத்தச் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள்.