கோடோ 4: பிரவுசரில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால்

மட்டக்களப்பு வாவியில் மீன் பிடிக்கிற ஒரு சின்ன கேமை, கேம் செய்ய உதவும் கோடோ என்ற மென்பொருளில் செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்பதால் எல்லாமே தமிழில்தான். கோடோ 3இல் 'கெளுத்தி' என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4இல், எழுத்துகளைச் சரியான வரிசையிலும் வடிவிலும் அடுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் சேர்ந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. தமிழில் கேம் செய்கிறவர்களுக்கு இதுதான் பெரிய வரவு, இதற்காகவே மாறலாம். மாறும்போது பழைய நிரலில் 'யீல்ட்' என்ற கட்டளையை 'அவெய்ட்' ஆக்குவது போன்ற வேலைகள் இருந்தன, அவை சுகமாகவே முடிந்தன.

லேப்டாப்பில் சரி, ஆண்ட்ராய்டு போனிலும் சரி. வெப்புக்கு எக்ஸ்போர்ட் செய்து பிரவுசரில் திறந்தால் மீன் பெயர்கள் எல்லாம் வெறும் கட்டங்கள்!

காரணம் இதுதான்: கோடோவின் இயல்பான ஃபாண்டில் தமிழ் இல்லை. லேப்டாப்பிலும் போனிலும் அந்த மெஷினில் இருக்கிற தமிழ் ஃபாண்டை அதுவே தேடி எடுத்துக்கொள்கிறது. பிரவுசருக்குள் அப்படி எடுக்க வழியில்லை.

நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபாண்டை ப்ராஜெக்ட் ஃபோல்டரில் போட்டேன். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ஜியூஐ, அதில் தீம், அதற்குள் கஸ்டம் ஃபாண்ட் என்ற இடத்தில் அதைக் கொடுத்தேன். திரும்ப எக்ஸ்போர்ட் செய்ததும் கெளுத்தி, கொடுவா, திரளி எல்லாம் அழகாக வந்தன.

அப்புறம் ஒன்று. ஃபாண்டின் இம்போர்ட் பகுதியில் மெஷினில் இருக்கிற ஃபாண்டைத் தேடி எடுக்க விடுகிற 'அலோ சிஸ்டம் ஃபால்பேக்' டிக்கை எடுத்துவிட்டு ரீஇம்போர்ட் கொடுங்கள். விடுபட்ட எழுத்து இருந்தால் லேப்டாப்பிலேயே தெரிந்துவிடும், ஒவ்வொரு முறையும் எக்ஸ்போர்ட் செய்து பார்க்க வேண்டியதில்லை.