பூஞ்சைகளின் டிரெஹலோஸ்: எழுதும்போதும் அளக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூஞ்சைகள் தம்முள் சேர்த்துவைக்கும் இரட்டைச் சர்க்கரையான டிரெஹலோஸைப் பற்றி எழுதுகிறவர்களும் அதை ஆய்வகத்தில் அளக்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். எப்போது, எந்த நொதியால், உயிரணுவின் எந்தப் பகுதியில் அது உடைகிறது என்று கேட்பதில்லை.

முதல் தவறு சோதனைக் குழாயிலேயே தொடங்குகிறது. இரண்டு குளுக்கோஸ் அலகுகள் தத்தம் முதல் கார்பன் வழியே பிணைந்திருப்பதால் டிரெஹலோஸுக்கு ஒடுக்கும் முனை கிடையாது. ஆகவே, அந்த முனையைக் கொண்டே சர்க்கரையைக் காட்டும் பெனடிக்ட் கரைசலில் இட்டுக் கொதிக்க வைத்தாலும் நீல நிறம் மாறாது. அதைக் கண்டு சாற்றில் சர்க்கரையே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. சுக்ரோஸுக்குச் செய்வதுபோல நீர்த்த அமிலத்தில் சிறிது நேரம் சூடாக்கினால் போதும் என்று நினைப்பதும் பிழையே, ஏனெனில் இந்தப் பிணைப்பு அமிலத்துக்கு எளிதில் மசிவதில்லை. டிரெஹலோஸை இரண்டு குளுக்கோஸாக உடைக்கும் டிரெஹலேஸ் நொதியைத் தூய நிலையில் சேர்த்து வெட்டி, வெளிப்படும் குளுக்கோஸை அளப்பதே நம்பகமான வழி. நொதி சேர்க்காத குழாய் ஒன்றை உடன் வைத்து, சாற்றில் முன்பே இருந்த குளுக்கோஸைக் கழித்துவிட வேண்டும். இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவர்கள்கூட, அறுவடை செய்த ஈஸ்டை அறை வெப்பநிலையில் சாவகாசமாகக் கழுவிக்கொண்டிருப்பதுண்டு. பட்டினி கிடந்த ஈஸ்டுக்குக் குளுக்கோஸ் கிடைத்த சில நிமிடங்களிலேயே சிதைவு முடுக்கிவிடப்படும் என்பதால், மாதிரியை எடுத்த உடனே கடுங்குளிரில் நொதிகளை நிறுத்தாவிட்டால் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை.

அடுத்தது, பூஞ்சைக்கு ஒரே டிரெஹலேஸ்தான் என்ற எண்ணம். ரொட்டி ஈஸ்டான சாக்கரோமைசிஸ் செரிவிசியேயில் சைட்டோபிளாசத்தில் நடுநிலை பிஎச்-இல் (7-ஐ ஒட்டி) வேலை செய்யும் என்டிஎச்1 என்ற டிரெஹலேஸ் நொதி இருக்கிறது. புரத கைனேஸ் ஏ என்ற நொதி அதில் பாஸ்பேட்டை ஏற்றி, பிஎம்எச் என்ற துணைப் புரதங்கள் வந்து ஒட்டிய பிறகே அது முழு வேகம் பெறுகிறது. அதற்கு நெருங்கிய உறவான என்டிஎச்2 நொதியும் உண்டு. இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது, பிஎச் 5-ஐ ஒட்டிய அமிலச் சூழலை விரும்பும் ஏடிஎச்1. வெளியிலிருந்து கிடைக்கும் டிரெஹலோஸை ஈஸ்ட் உணவாக்கிக்கொள்ள இந்த அமில நொதி முக்கியம். எனவே பிஎச் 7-இல் மட்டும் அளந்துவிட்டு டிரெஹலேஸ் செயல்பாடு குறைவு என்று எழுதுவது பாதிக் கணக்குதான்.

பசித்தால் எடுத்துத் தின்னும் சேமிப்பு என்று மட்டும் டிரெஹலோஸைச் சொல்வதும் போதாது. வெப்பத் தாக்குதலின்போது ஈஸ்ட் அதை மளமளவென்று சேர்க்கிறது, அது புரதங்கள் திரண்டுவிடாமல் காக்கிறது. ஆனால் வெப்பம் தணிந்த பின்னும் அது அப்படியே தங்கிவிட்டால், குலைந்த புரதங்கள் மீண்டும் மடிந்து பழைய வடிவம் பெறத் தடையாகிறது என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே இங்கே சிதைவு என்பது மீட்சியின் ஒரு பகுதி. இதன் மறுபக்கமாக, டிரெஹலோஸ் உருவாக்கத்துக்குத் தேவையான டிபிஎஸ்1 மரபணுவை நீக்கிய ஈஸ்ட் குளுக்கோஸில் வளராததற்கு டிரெஹலோஸ் இல்லாமையே காரணம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள்; இடைப்பொருளான டிரெஹலோஸ்-6-பாஸ்பேட், குளுக்கோஸ் சிதைவைத் தொடங்கிவைக்கும் ஹெக்ஸோகைனேஸ் நொதிக்குப் போடும் கடிவாளம் அறுந்துபோவதையும் அங்கே கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரு பூஞ்சையில் கண்டதை எல்லாவற்றுக்கும் பொருத்துவதிலும் எச்சரிக்கை தேவை. பைகோமைசிஸ் வித்துகளில் சிறிது நேர வெப்பமே டிரெஹலேஸைத் தூண்டி முளைப்பைத் தொடங்கிவைக்கிறது. நெல் குலைநோய்ப் பூஞ்சையிலோ, 2003-இல் வெளிவந்த ஆய்வின்படி, நடுநிலை டிரெஹலேஸ் முக்கியமாகத் தேவைப்படுவது இலைக்குள் நுழைந்த பிறகு பரவும் கட்டத்தில். மொட்டுக் காளான் போன்ற சில காளான்களில் டிரெஹலோஸ் பாஸ்போரைலேஸ் என்ற வேறொரு நொதியே இருக்கிறது. அது நீருக்குப் பதில் பாஸ்பேட்டைக் கொண்டு வெட்டி, ஒரு குளுக்கோஸையும் ஒரு குளுக்கோஸ்-1-பாஸ்பேட்டையும் தருவதால் உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஒன்று மிச்சமாகிறது. இந்த வினை இருதிசையிலும் நடக்கக்கூடியது என்பதால், நொதி இருப்பதை மட்டும் வைத்துச் சிதைவு நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

வயலோடு தொடர்புடைய தவறு ஒன்றும் உண்டு. நெல்லின் இலையுறைக் கருகல் நோய்க்குத் தெளிக்கும் வாலிடமைசின் பூஞ்சையைக் கொன்றுவிடும் மருந்து என்று கருதப்படுகிறது. உண்மையில் அது உயிரணுவுக்குள் டிரெஹலேஸை முடக்கும் பொருளாக மாறுகிறது. இழைநுனிக்குப் போய்ச் சேரும் டிரெஹலோஸ் அங்கே குளுக்கோஸாக உடையாததால் நுனி நீள்வது குன்றி, இழை தாறுமாறாகக் கிளைக்கிறது. குளுக்கோஸ் நிறைந்த ஊடகத் தட்டில் இதைச் சோதித்தால் நுனிக்கு நேரடியாகவே உணவு கிடைத்துவிடும், மருந்தின் விளைவு தெரியாமல் போகலாம். அந்தத் தட்டை நம்பி மருந்தை ஒதுக்கிவிடாமல், ஊட்டம் குறைந்த அகாரிலும் நெற்பயிரிலும் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.