ஊசித் தேதியும் லீஷ் நீளமும்: நகரத்தில் செல்லப்பிராணி வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய்க்கு ஊசி போட்டாச்சா என்று கேட்டால் "எல்லாம் போட்டாச்சு" என்ற பதில்தான் வரும். என்ன ஊசி, எத்தனையாவது வாரத்தில், எந்தத் தேதி வரை செல்லும் என்று கேட்டால் தடுமாற்றம் தொடங்கிவிடும். நாய் வளர்க்க உரிமம் கொடுக்கும் அலுவலரும், நாய் கடித்தவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவரும் கேட்பது இந்த மூன்றைத்தான்.

முதல் தவறு குட்டிப் பருவத்தில் நடக்கிறது. 8 வாரத்தில் ஒன்று, 12 வாரத்தில் ஒன்று போட்டுவிட்டு, குட்டி துள்ளி விளையாடுகிறதே என்று நிறுத்திவிடுகிறார்கள். தாயின் சீம்பாலில் இருந்து குட்டிக்கு வந்த எதிர்ப்பொருள் உடலில் இருக்கும் வரை, ஊசியில் உள்ள வைரஸையும் அது செயலிழக்கச் செய்துவிடும். அந்த எதிர்ப்பொருள் எப்போது வடியும் என்பது ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளேயே மாறுபடும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் நிறையும் வரை பார்வோ, டிஸ்டம்பர் என்ற இரண்டு கொடிய வைரஸ் நோய்களுக்கான ஊசிகளைத் தொடரச் சொல்கிறார்கள். எத்தனை டோஸ் போட்டோம் என்பதைவிட, கடைசி டோஸ் 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழுந்ததா என்பதே முக்கியம். மூன்று ஊசியும் 14 வாரத்தில் முடிந்த குட்டிக்கு இன்னொன்று தேவை. அதன்பின் 6 மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் ஒரு பூஸ்டர் உண்டு.

அந்த 16 வாரம் வரை குட்டியைத் தெருத் தரையில் விடுவதும் தவறுதான். பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு கிடக்கும். வேறு நாய் பக்கத்தில் வர வேண்டும் என்பதில்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தால், பழகும் வயது போய்விடும். தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போய் ஹாரன் சத்தத்தையும் கூட்டத்தையும் காட்டுங்கள். தரையில் மட்டும் இறக்க வேண்டாம்.

ரேபிஸ், அதாவது வெறிநோய் ஊசியின் கணக்கு தனி. செவன்-இன்-ஒன் போன்ற கூட்டு ஊசிகள் பெரும்பாலானவற்றில் ரேபிஸ் சேர்ந்திருக்காது. "ஏழு நோய்க்கும் போட்டாச்சே" என்று நினைத்தவர், உரிமம் எடுக்கப் போகும்போதுதான் தடுப்பூசி அட்டையில் ரேபிஸ் ஸ்டிக்கரே இல்லை என்பதைப் பார்க்கிறார். ரேபிஸ் முதல் ஊசி பொதுவாக 12 வார வயதில், அடுத்தது ஓராண்டில். அதன்பிறகு மருந்தைப் பொறுத்து ஆண்டுக்கு ஒருமுறையோ மூன்றாண்டுக்கு ஒருமுறையோ போடலாம். இங்கே இன்னொரு சறுக்கல் நடக்கிறது: மருந்துக் குப்பியில் மூன்றாண்டு என்று இருந்தாலும், ஊர் விதி ஆண்டுதோறும் என்றால் விதிதான் செல்லும். விதி தளர்வாக இருந்து குப்பியில் ஓராண்டு என்று இருந்தால் குப்பிதான் கணக்கு. இரண்டில் எது குறைவோ அதை நாட்காட்டியில் குறியுங்கள். எலிக்காய்ச்சல் ஊசிக்கு மூன்றாண்டுச் சலுகையே கிடையாது. முதலில் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ், பிறகு ஆண்டுதோறும் ஒன்று.

பயணத்துக்கு முந்தின நாள் ஊசி போட்டு ஓடுவதால் பயனில்லை. முதல் ரேபிஸ் ஊசிக்குப் பின் எதிர்ப்பாற்றல் உருவாக வாரக் கணக்கில் ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாயைக் கொண்டுபோக, ஊசி போட்டு 21 நாள் கழிந்திருக்க வேண்டும். தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப், ரேபிஸ் ஊசி போடுவதற்கு முன்பே பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. வரிசை மாறினால் அந்த ஊசி கணக்கில் வராது. சிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே, அது ஜிபிஎஸ் அல்ல. தொலைபேசி எண் மாறியதும் பதிவேட்டில் திருத்தாவிட்டால், நாய் கிடைத்தாலும் உங்களுக்குத் தகவல் வராது.

மருந்தைக் கடையில் வாங்கி வீட்டிலேயே போடுவது இரண்டு வகையில் வீண். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். வெயிலில் பையில் போட்டு எடுத்து வந்தாலும், உறைபெட்டியில் வைத்து ரேபிஸ் மருந்தை உறைய விட்டாலும் வீரியம் கெடும். வெளியே பார்த்தால் தெரியாது. தவிர, கால்நடை மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், மருந்தின் தொகுதி எண் கொண்ட ஸ்டிக்கர், காலாவதித் தேதி இவை இல்லாத அட்டையைப் பொதுவாக யாரும் ஏற்க மாட்டார்கள். மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் இந்த நான்கையும் பாருங்கள். அதற்குள் 20, 30 நிமிடமும் ஓடிவிடும், அதுவும் தேவையான நேரம்: முகவீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் போன்ற கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தலைகாட்டும். ஓரிரு நாள் சோர்வும், ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டியும் இயல்பே. காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கும் நாளிலோ, சினையாக இருக்கும்போதோ போவதானால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கு எதற்கு ஊசி என்பார்கள். ரேபிஸ் பரப்பக்கூடிய வௌவால் வீட்டுக்குள் வரலாம், பூனை வாசலைத் தாண்டலாம். பூனைக்கும் ரேபிஸ் ஊசி வேண்டும்.

இனி லீஷ், அதாவது நாயைப் பிடித்து நடத்தும் கயிறு. பொது இடத்தில் நாயை லீஷ் போட்டுப் பிடித்திருக்க வேண்டும் என்பது பல நகரங்களின் விதி. "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது" என்று அவிழ்த்துவிடுபவர் மற்ற நாயை, பயந்து ஓடும் குழந்தையை, திடீரென வெடிக்கும் பட்டாசைக் கணக்கில் எடுப்பதில்லை. இழுத்தால் நீளும் லீஷ் நகரத்துக்கு ஏற்றதல்ல. 5 மீட்டர் நீண்டுவிட்ட நாய், நீங்கள் பொத்தானை அழுத்துமுன் சாலையில் இருக்கும். அந்த மெல்லிய கயிற்றைக் கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தால் விரல் அறுபடும். 1.2 முதல் 1.8 மீட்டர் நீளமுள்ள பட்டை லீஷ் போதும். நீள வரம்பு உள்ள ஊர்களில் அதையும் பார்த்து வாங்குங்கள்.

கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால், நாய் பின்வாங்கும்போது பட்டை தலை வழியே உருவி வந்துவிடும். பயந்த நாய் முன்னால் இழுக்காது, பின்னால்தான் இழுக்கும். குட்டை மூக்கு நாய்களுக்கும் மூச்சுக்குழாய் பலவீனமான சிறு இனங்களுக்கும் கழுத்தை விட்டு மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ்தான் சரி. லிஃப்டில் ஏறும்போது லீஷை முழுக்கச் சுருட்டி, நாயை உங்கள் கால் அருகே நிறுத்துங்கள். நாய் உள்ளேயும் நீங்கள் வெளியேயும் இருக்கும்போது கதவு மூடினால் லீஷ் கழுத்தை நெரிக்கும். வாய்மூடி கட்டாயமான இடங்களில் கூடை வடிவில் வாங்குங்கள். துணி வாய்மூடி போட்டு நடத்தினால் நாயால் நாக்கை நீட்டி மூச்சு வாங்க முடியாது, உடல் சூடேறிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால், நாயை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. காயத்தை உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையைப் படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள், ஆனால் "நாய்க்கு ஊசி போட்டிருக்கு, உங்களுக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை அவருடைய மருத்துவர் முடிவு செய்வார். நாயை 10 நாள் கண்காணிப்பில் வைத்திருங்கள். கடித்தபோது உமிழ்நீரில் ரேபிஸ் வைரஸ் இருந்திருந்தால் இந்த நாட்களுக்குள் நோய் வெளிப்பட்டுவிடும். 10 நாளுக்குள் நாய் சோர்ந்தாலோ, விழுங்கத் திணறினாலோ, இறந்தாலோ கடிபட்டவருக்கும் கால்நடை மருத்துவருக்கும் அதே மணி நேரத்தில் சொல்லுங்கள்.