பெரிய பைக்கை நம்ம கடற்கரைக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது: காசு செலவில்லாததில் ஆரம்பிப்போம்

லிட்டர் கிளாஸ் (1000 சிசி அளவு எஞ்சின் உள்ள) பைக் வாங்குகிற பலரும் முதல் மாதத்திலேயே சைலன்சரை மாற்றுகிறார்கள். அப்புறம் கண்ணாடி, லீவர், கலர் கலராக போல்ட். பாம்பன் பாலத்து இணைப்புகள் மேல் ஏறி இறங்கும்போது முதுகு வலிக்கிறது, ராமநாதபுரத்தில் கிளம்பி மண்டபம் வருவதற்குள் மணிக்கட்டு மரத்துப் போகிறது, இதற்கு மட்டும் யாரும் ஒன்றும் செய்வதில்லை. "சூப்பர் பைக்னா அப்படித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஹயபூசா, நிஞ்ஜா 1000 மாதிரி வண்டிகளில் வலிக்குப் பாதிக் காரணம், வண்டி இன்னும் உங்கள் எடைக்கும் உயரத்துக்கும் சரிசெய்யப்படாமல் கிடப்பதுதான். அந்தப் பாதியைச் சரிசெய்ய ஒரு டேப், வண்டியோடு வந்த டூல்ஸ், உதவிக்கு இரண்டு பேர் போதும்.

சஸ்பென்ஷனில் தொடங்குங்கள். கம்பெனி ஏதோ ஒரு சராசரி ஆளை மனதில் வைத்து செட் செய்து அனுப்புகிறது. நீங்கள் 60 கிலோவா 95 கிலோவா என்று அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் முதல் கணக்கு, இதை சாக் என்பார்கள். பின்பக்கம் அளக்க, சக்கரத்தின் ஆக்சிலுக்கு நேர் மேலே சீட்டுக்குக் கீழ் ஒரு இடத்தில் டேப் ஒட்டிக் குறி வையுங்கள். இரண்டு பேர் வண்டியின் வாலைத் தூக்கி, சக்கரம் தரையை விட்டு எழும்பிய நிலையில் ஆக்சிலிலிருந்து குறி வரை அளக்க வேண்டும். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு ஓட்டும்போது உட்கார்கிற மாதிரியே உட்காருங்கள், ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் அளக்கட்டும். ஒருமுறை அமுக்கி மெதுவாக மேலே வரவிட்டு ஒரு அளவு, ஒருமுறை தூக்கி மெதுவாக இறங்கவிட்டு ஒரு அளவு, இரண்டுக்கும் சராசரி. முதலில் வாலைத் தூக்கி அளந்ததிலிருந்து அந்தச் சராசரியைக் கழித்தால் வருவதுதான் சாக். உள்ளே உராய்வு இருப்பதால் ஒரே அளவை நம்ப முடியாது. முன்பக்கம் இன்னும் சுலபம்: முன்சக்கரம் தூக்கிய நிலையில் ஃபோர்க்கில் வெளியே தெரியும் பளபளப்பான கம்பியின் நீளம், நீங்கள் உட்கார்ந்த பிறகு அதே நீளம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

ரோட்டில் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் 30 முதல் 35 மி.மீ. வந்தால் நல்லது. அதிகமாக அமுங்கினால் ப்ரீலோடைக் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) கூட்டுங்கள், குறைவாக இருந்தால் குறையுங்கள். ப்ரீலோடைத் திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று ஒர்க்‌ஷாப்களில்கூடச் சொல்கிறார்கள், அது தப்பு; ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான், வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. அதனால்தான் இன்னொரு அளவும் தேவைப்படுகிறது. ஆள் இல்லாமல் வண்டி தன் எடையில் பின்பக்கம் 5 முதல் 10 மி.மீ. வரையாவது அமுங்க வேண்டும். நீங்கள் உட்காரும்போது 35 வருகிறது, ஆனால் ஆள் இல்லாதபோது கொஞ்சமும் அமுங்கவில்லை என்றால் அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிசு. அப்போதுதான் புது ஸ்பிரிங்குக்குக் காசு செலவழிக்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம். பின்னால் அடிக்கடி ஆள் ஏற்றுகிறவர்கள் ப்ரீலோடைத் தனியாகக் கூட்ட வேண்டும். நிஞ்ஜா 1000 எஸ்எக்ஸில் அதற்குக் கையால் திருகும் குமிழே இருக்கிறது, இருந்தும் அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்து குறைவு.

அடுத்தது டாம்பிங், அதாவது சஸ்பென்ஷன் அமுங்குகிற, எழும்புகிற வேகத்தைக் கட்டுப்படுத்துவது. அதன் திருகுகளைத் தொடும் முன், இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். கடிகாரச் சுற்றில் மென்மையாக முழுக்க உள்ளே திருகி, எத்தனை கிளிக் போனது என்று எண்ணி, திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முழுக்க உள்ளே போனபின் அழுத்தித் திருகினால் உள்ளிருக்கும் ஊசி கெட்டுப் போகும். இனி ஒவ்வொன்றாக, ஒரு நேரத்தில் இரண்டு கிளிக்குக்கு மேல் போகாமல் மாற்றுங்கள். முன்னும் பின்னும் ஒரே நாளில் திருகினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

இதைச் சோதித்துப் பார்க்க நம் ஊரில் பாம்பன் சாலைப் பாலத்தை விட நல்ல இடம் கிடையாது. 1988-ல் திறந்த பாலம், 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், இணைப்புகள் வரிசையாக வரும். ஒரு இணைப்பில் ஏறிய வண்டி எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பி ஆடினால் ரீபவுண்ட் (எழும்பும் வேகத்தை அடக்கும் டாம்பிங்) போதவில்லை, கூட்டுங்கள். முதல் இணைப்பு மெத்தென்று இருந்து, போகப் போக வண்டி தாழ்ந்துகொண்டே வந்து கடைசியில் இடுப்பில் இடிக்கிறதா? அப்படியென்றால் ரீபவுண்ட் அதிகம்: ஒரு அமுக்கத்திலிருந்து வண்டி முழுக்க எழுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இரண்டும் இல்லாமல், ஒவ்வொரு இணைப்பும் சுருக்கென்று கைக்கு ஏறினால் முன் கம்ப்ரெஷனைக் (அமுங்கும் வேகத்தை அடக்கும் டாம்பிங்) குறையுங்கள். பந்தயத் தடத்து ஆட்கள் சொல்லும் கெட்டியான செட்டிங் எல்லாம் சமமான தளத்துக்கு. நமக்கு அது வேண்டாம். ஒரு விஷயம், மழை நாளில் பாலத்து இணைப்பின் இரும்பு வழுக்கும், அதன் மேல் பிரேக்கோ ஆக்சிலேட்டரோ வேண்டாம். பாலத்தில் செல்ஃபிக்கு வண்டியை நிறுத்துகிறவர்களும் இருப்பார்கள் என்பதால் வேகத்தில் சோதனை வேண்டவே வேண்டாம், சாதாரண வேகத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

டயர். சாயல்குடியிலிருந்து கீழக்கரை, தேவிபட்டினத்திலிருந்து தொண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலை பெரும்பாலும் நேராக ஓடுகிறது. நேர்ச் சாலையில் பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு வளைவில் சாய்க்கும்போது வண்டி முதலில் முரண்டு பிடித்து, அப்புறம் சட்டென்று விழுகிற மாதிரி இருக்கும். ஷாக்கை மாற்றினாலும் ஹேண்டில் பாரை மாற்றினாலும் இது போகாது, டயரை மாற்றினால்தான் போகும். ஸ்போர்ட் டூரிங் வகை டயர் வாங்குங்கள், நடுவில் கெட்டியான ரப்பர், ஓரத்தில் மென்மையான ரப்பர் வைத்துச் செய்வது நமக்கென்றே செய்தது போல இருக்கும். பின் டயரில் 190/50 அளவுக்குப் பதில் பக்கச் சுவர் உயரமான 190/55 போடுகிற பழக்கம் ஒன்று உண்டு, பின்பக்கம் 9 மி.மீ. சொச்சம் உயர்ந்து வண்டி சீக்கிரம் திரும்பும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் எலெக்ட்ரானிக்ஸ்) இல்லாத பழைய வண்டிக்குச் சரி. இப்போது வரும் வண்டிகளில் முன்சக்கரமும் பின்சக்கரமும் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுத்தான் எலெக்ட்ரானிக்ஸ் முடிவெடுக்கிறது, அதில் கம்பெனி அளவே இருக்கட்டும்.

காற்றழுத்தத்தை வண்டி எடுக்கும் முன் காலையில் வீட்டிலேயே பாருங்கள். ஹயபூசாவுக்கு முன்னும் பின்னும் 42 பிஎஸ்ஐ, மற்ற வண்டிக்கு அதன் புத்தகத்தில் இருப்பது. சித்திரை வெயிலில் ஓட்டிவிட்டு பங்கில் போய்ப் பார்த்தால் கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். ரோட்டோரம் ஒதுங்கும்போது கீழே பார்த்து ஒதுங்குங்கள், சீமைக் கருவேல முள் எந்த விலை டயரையும் மதிக்காது. பஞ்சர் கிட் சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும்.

இப்போது உடம்பு. முதலில் பிரேக், கிளட்ச் லீவரின் கோணத்தைப் பாருங்கள்: கை நேராக நீட்டியபடி விரல் லீவர் மேல் விழ வேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது. போல்ட்டைத் தளர்த்தித் திருப்பினால் முடிந்தது. கியர் லீவரின் உயரமும் உங்கள் ஷூவுக்கு ஏற்ப மாற்றக்கூடியதே. டேங்கின் இரண்டு பக்கமும் ரப்பர் கிரிப் ஒட்டி முழங்காலால் டேங்கைப் பிடித்து ஓட்டினால் கையில் விழும் எடை குறையும். இதெல்லாம் செய்தும் கை மரத்தால் ஹேண்டில் பாரை உயர்த்தலாம், 20 முதல் 25 மி.மீ. போதும். மாட்டிய பிறகு இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, பிரேக் ஹோஸ் இழுக்கிறதா, கேபிள் சிக்குகிறதா, கட்டைவிரல் டேங்கில் இடிக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஹேண்டிலைத் திருப்பி ஆர்பிஎம் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சீட்டை ஆன்லைனில் வாங்க அவசியமில்லை. நல்லா சீட் தைக்கிறவர் ஒருவர் போதும், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் செய்ய வேண்டும். "மெத்துன்னு வேணும்" என்று மட்டும் சொன்னால் மென்மையான ஃபோமை வைத்துத் தருவார், அரைமணி நேரத்தில் அது அமுங்கி அடிப்பலகை குத்தும். கெட்டியான ஃபோம் கேளுங்கள், டேங்கை நோக்கிச் சரிகிற சாய்வை மட்டமாக்கச் சொல்லுங்கள், இடுப்பெலும்பு உட்காரும் இடத்தை அகலப்படுத்தச் சொல்லுங்கள். ஜெல் பேடு வேண்டாம். வெயிலில் நிறுத்திய வண்டியில் ஜெல் தோசைக்கல் மாதிரி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள், நாம் இரண்டு சக்கரத்தில் போகிறோம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது வண்டி ஆடினால் உடனே ஹேண்டில் ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பர் வாங்க ஓடாதீர்கள் (ஹயபூசாவில் கம்பெனியே வைத்திருக்கிறது). முதலில் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) லூசா என்று பாருங்கள். பிறகு பின்னால் மாட்டிய பெரிய பெட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் எடை முன்சக்கரத்தை லேசாக்குகிறது, பெட்டியின் பக்கவாட்டில் வேறு காற்று அடிக்கிறது. சாமானை டேங்க் பேகில் வைத்தால் பாதிப் பேருக்கு ஆட்டம் நின்றுவிடும். ஹேண்டில் பாரை அதிகம் உயர்த்த வேண்டாம் என்று சொன்னதற்கும் இதுதான் காரணம்: நிமிர்ந்து உட்கார்ந்தால் நெஞ்சில் வாங்குகிற காற்றெல்லாம் கை வழியாக ஹேண்டிலுக்குப் போய்ச் சேரும். வண்டியின் முன்னால் மாட்டும் உயரமான வைசரும் அப்படியே, ஹெல்மெட்டின் மேல் பகுதிக்குச் சுத்தமான காற்று வரும் அளவு போதும்.

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை 2017-ல் சாலை திறந்ததிலிருந்து எல்லா வண்டியும் அங்கே போகிறது. இரண்டு பக்கமும் கடல், ரோட்டில் மணல், காற்றில் உப்பு. திரும்பி வந்த அன்றே கழுவ வேண்டும், அதிலும் ஒரு சிக்கல்: நம் பக்கத்தில் பல வீடுகளில் போர் தண்ணியே உப்பு. அதில் கழுவிக் காயவிட்டால் கழுவாமல் விட்டதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அழுக்கைப் போர் தண்ணியில் எடுங்கள், கடைசியாக குடிநீர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணியில் ஒரு வாளி எடுத்து அலசுங்கள். பிரஷர் பைப்பைச் சக்கரத்து பேரிங் பக்கமும் செயின் பக்கமும் நேராகக் காட்ட வேண்டாம். ஃபோர்க் கம்பியை மெல்லிய துணியால் துடையுங்கள், அதில் ஒரு புள்ளி துரு விழுந்தாலும் ஆயில் சீல் கிழிந்து, நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த செட்டிங் எல்லாம் எண்ணெயாக ஒழுகிவிடும். செயினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து செயின் எண்ணெய் (லூப்) அடியுங்கள், பெட்ரோலில் கழுவினால் செயினில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங் கெடும். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் மாட்டினால் ஆன்டி-சீஸ் பசை தடவித்தான் மாட்ட வேண்டும், இல்லையென்றால் உப்புக் காற்றில் இரண்டும் ஒட்டிக்கொண்டு கழற்றும்போது மரையோடு வரும்.

கடைசியாக, ஆர்சி புத்தகத்தில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. எஞ்சினையும் சேஸிஸையும் தொடாதீர்கள். ஹேண்டில் பார், ஷாக் மாதிரி பாகங்களை மாற்றினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துவிட்டு அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஒரிஜினல் பாகங்களை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள்.