குழாயில் படிந்த உப்புக்கறைக்கு எலுமிச்சை உப்பு

எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். குழாய்களிலும் வாளிகளிலும் வெள்ளையாக உப்புப் படிந்துவிடும். கடையில் விற்கும் ஆசிட்டை ஊற்றினால் கறை போகும்; ஆனால் அந்த நெடிக்கு இருமல் வரும், குழாயின் பளபளப்பும் சேர்ந்தே போய்விடும்.

அந்தப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மிதமான அமிலமே அதைக் கரைத்துவிடும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், 2 மேசைக்கரண்டி எடுத்து 1 லிட்டர் வெந்நீரில் கரைத்தேன். பழைய துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் விட்டேன். ஷவருக்கு, கரைசல் ஊற்றிய பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டேன். சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. கரியமில வாயுதான், பயமில்லை. பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். பல ஆண்டுப் படிவுக்கு மறுநாளும் ஒரு சுற்று தேவைப்பட்டது.

இதோடு சமையல் சோடாவையும் கலக்கச் சொல்பவர்கள் உண்டு. நுரை பார்க்க அழகு. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். மார்பிள், மொசைக் தரையிலும் வேண்டாம். அவற்றிலும் அதே கால்சியம் கார்பனேட் இருப்பதால் தரையே அரித்துப்போகும்.