லால்பாகில் கேமராவோடு ஒரு காலை: முதல்முறை போகிறவர்களுக்கு

பெங்களூர் லால்பாக் 240 ஏக்கர். முதல்முறை போகிறவர்கள் மொத்தத்தையும் சுற்றிவிடப் பார்ப்பார்கள். பத்து மணிக்குக் கால் ஓய்ந்து, கார்டில் முந்நூறு படம் சேர்ந்திருக்கும்; வீட்டில் வந்து பார்த்தால் ஒன்றுகூடத் தேறாது. நான்கே இடம் போதும்: பாறை, ஏரி, பெரிய மரங்கள், கண்ணாடி மாளிகை. இதே வரிசையில் போங்கள், வெளிச்சம் மாறும் வரிசையும் இதுதான்.

எப்போது போவது

வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். ஜனவரியில் பெங்களூரில் சூரியன் உதிக்க ஏறக்குறைய 6.45 ஆகிவிடும், அதனால் பாறை ஏறி இடம் பார்த்து நிற்க நேரம் கிடைக்கும். ஜூனில் வாயில் திறக்கும் முன்பே விடிந்துவிடும். உதயத்தைப் படமெடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். ஞாயிறு வேண்டாம். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சி நாட்களும் வேண்டாம். பூ பார்க்க அருமையான நாட்கள்தான், ஆனால் கூட்டத்தில் நின்று ஃபிரேம் அமைக்க முடியாது.

மெட்ரோவில் வந்தால் பச்சைத் தடத்தில் லால்பாக் நிலையம். அங்கிருந்து மேற்கு வாயில் பக்கம். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கவுண்டரிலேயே கேட்டுச் சீட்டு வாங்கிப் பையில் வையுங்கள், உள்ளே கேட்பார்கள். டிரைபாட் எடுத்துப்போனால் காவலர்கள் நிறுத்தி விசாரிப்பது வழக்கம், வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஒரே லென்ஸ் போதும். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள கேமரா) என்றால் 35 மி.மீ., கிராப் சென்சார் (அதைவிடச் சிறிய சென்சார்) என்றால் 23 அல்லது 24. 70-200 மி.மீ. ஜூம் லென்ஸும் சுமந்து வருகிறவர்கள் பறவைக்கும் மரத்துக்கும் நடுவே லென்ஸ் மாற்றியே காலையைக் கழிக்கிறார்கள். கூடுதலாக எதற்காவது செலவழிப்பதானால் போலரைசர் (லென்ஸ் முன்னால் மாட்டும், பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) வாங்குங்கள். வானத்தை நீலமாக்க அல்ல, இலையின் பளபளப்பை வெட்ட. மாட்டினால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), அதற்கேற்ப ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றிக்கொள்ள வேண்டும்.

பாறை

பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடர் காலத்தது என்று சொல்லப்படும் நான்கு காவல் கோபுரங்களில் ஒன்று இதன் மேல் நிற்கிறது. எல்லோரும் கோபுரத்தை எடுக்கிறார்கள். காலுக்குக் கீழே இருக்கும் பாறைக்கு வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள். நைஸ் என்ற வகை. வெளிர், கரு வரிகள் அதில் மடிந்து ஓடும். அந்த வரிகளும் பாறையின் மேடுபள்ளமும் எடுபட வேண்டுமானால் வெயில் பக்கவாட்டில் தாழ்ந்து வர வேண்டும். உதித்த முதல் ஒரு மணி நேரம்தான் கணக்கு. உச்சி வெயிலில் பாறை வெறும் சாம்பல் தரையாகத் தெரியும். குந்தி உட்கார்ந்து, முழங்கால் உயரத்திலிருந்து, லென்ஸ் துளையைச் சிறிதாக்கி, எஃப் 11 வைத்து எடுங்கள். இரவில் மழை பெய்திருந்தால் வரிகள் இன்னும் பளிச்சென்று இருக்கும், ஆனால் வழுக்கும். பார்த்துக் கால் வையுங்கள்.

ஏரிக்கு அதிக நேரம் வேண்டாம். குளிர்கால மூடுபனி இருந்தால் நில்லுங்கள், இல்லாவிட்டால் நடையைக் கட்டுங்கள்.

மரங்கள்

ஹைதர் அலி 1760இல் தொடங்கிய தோட்டம் இது. திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து செடிகளைத் தருவித்து வளர்த்தார். மிகப் பெரிய இலவ மரத்தின் பலகை வேர்களை (அடிமரத்திலிருந்து சுவர்போல விரியும் வேர்கள்)த் தவற விடாதீர்கள். மரம் முழுவதையும் ஒரே படத்தில் அடைக்கப் பார்த்தால் அதன் பெரும்பருமன் காணாமல் போகும். வேரை மட்டும் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும்.

கண்ணாடி மாளிகை

சொதப்புவது இங்கேதான். இரும்பும் கண்ணாடியுமாக எழுப்பிய லண்டன் கிரிஸ்டல் பேலஸை மனதில் வைத்துக் கட்டியது. 1889 நவம்பர் 30 அன்று பிரிட்டிஷ் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். இரும்புச் சட்டத்துக்கு மேலே கண்ணாடி, அதற்கும் மேலே வெள்ளை வானம். ஃபிரேமில் பாதியை வானம் பிடித்துக்கொள்ளும்போது, காட்சி முழுவதுமே வெளிச்சம் என்று கேமரா நம்பி எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை)க் குறைக்கிறது. விளைவு: அந்த அழகான இரும்பு வேலைப்பாடு கரிக்கட்டையாக வந்து நிற்கும்.

மேகமூட்ட நாளில் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) +1 ஸ்டாப் வையுங்கள். ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள், வெளிச்சப் பரவலைத் திரையில் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தை நெருங்கலாம், மோதக் கூடாது. வெயில் நாளில், உள்ளிருந்து கூரையைப் பார்த்து எடுக்கும்போது இது தலைகீழ்: கண்ணாடி வெளுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது, நிழலோ ரா கோப்பில் (சென்சார் பதிந்த தகவல் முழுவதையும் வைத்திருக்கும் கோப்பு) இரண்டு ஸ்டாப் வரை எழும்பும். அதனால் -1 வைத்து ரா எடுங்கள். ஜேபெக் (கேமராவே சுருக்கித் தரும் சாதாரணப் படக் கோப்பு) மட்டும் எடுப்பவர்கள் -2, 0, +2 என்று மூன்று படம் தட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கோணல். கட்டடம் உயரம் என்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் மேலே போகப் போக உள்ளே சாயும். பின்னால் நடந்து விலகுங்கள், கேமராவை மட்டமாகப் பிடியுங்கள். கீழே புல்தரை அதிகமாக விழுந்தால் பிறகு வெட்டிவிடலாம். நேர் நடுவில் நிற்கிறோமா என்பதற்குக் கண்ணை நம்பாதீர்கள். முன் வளைவின் மையமும் அதன் வழியே தெரியும் பின் வளைவின் மையமும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை அரை அடி அரை அடியாக நகருங்கள். சமச்சீரான கட்டடத்தில் ஒரு அடி பிசகினாலும் படம் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே விடாத நாட்களும் உண்டு, அப்போதும் வெளியிலிருந்து இந்தப் படம் கிடைக்கும்.

பின்சேர்க்கை: போனில் எடுப்பவர்களுக்கும் இதே முறைதான். ஆனால் கண்ணாடி மாளிகைக்கு 0.5 என்ற அகலக்கோண லென்ஸைத் தொடாதீர்கள், ஓரத்துத் தூண்கள் இழுபட்டுப்போகும். 1 லென்ஸில் கிரிட் கோடுகளைப் போட்டு, தூணின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள். பிறகு சூரியக் குறியைக் கண்ணாடியின் கோடுகள் தெரியும்வரை மட்டும் கீழே இழுங்கள், அதற்கும் கீழே போனால் தூண் மறுபடி கறுத்துவிடும்.